டிஆர்ஜி குளோன் இருக்கு, டிஆர்பி வரவில்லை: தோல் லிம்போமா ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

சிப்புட்_எம்ஏ

லேப், நோயியல், தோல் பிரிவுகளில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கிளினிக்குக்கு வரும் ஒருவரின் ரிப்போர்ட் இது.

52 வயதுப் பெண், பால்மரம் வெட்டுபவர். தொடை, பிட்டம், இடுப்பைச் சுற்றி வெளிறிய திட்டுகள், லேசான செதில், அரிப்பு குறைவு. ஆறு வருஷமாக இருக்கு. முதலில் தேமல் என்று பூஞ்சைக் களிம்பு, அப்புறம் எக்ஸிமா என்று ஸ்டீராய்டு களிம்பு. போட்டால் மங்கும், நிறுத்தினால் திரும்பும். தொடு உணர்வு, சூடு குளிர் உணர்வு சரி. நரம்பு தடிக்கவில்லை. தோல் கீறல் பரிசோதனையில் தொழுநோய்க் கிருமி இல்லை.

ஈப்போவில் 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி (வட்டக் கத்தியால் எடுக்கும் தோல் சாம்பிள்) ஒன்று எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் சாரம்:

மேல்தோலின் அடி வரிசை நெடுக லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணு), ஸ்பாஞ்சியோசிஸ் (மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோர்ப்பது) அநேகமாக இல்லை. டி செல்லின் அடையாளப் புரதங்களில் சிடி3 பாசிட்டிவ், சிடி8 மிகுதி, சிடி7 குறைவு. மைகோசிஸ் ஃபங்காய்டிஸுக்குப் (தோலில் தொடங்கும் டி செல் லிம்போமா, ஒரு வெள்ளணுப் புற்று) பொருந்துகிறது என்ற குறிப்பு.
டிஆர்ஜி (டி செல் ஏற்பியின் காமா ஜீன்) ஏ டியூப்: குளோனல் (ஒரே செல்லின் வாரிசுகள் மிகுதி). டிஆர்பி (பீட்டா ஜீன்) ஏ, பி: விளைபொருள் இல்லை. டிஆர்பி சி: பலவீனம், முடிவு சொல்ல முடியாது. கட்டுப்பாட்டு ஜீன் (டிஎன்ஏ-வின் தரம் பார்க்க; எண்கள் பேஸ், அதாவது டிஎன்ஏ எழுத்துக் கணக்கில்): 100, 200 வந்திருக்கு, 300 மங்கல், 400 இல்லை.
குடும்பத்தார் தனியார் லேப்பில் தனியாகச் செய்த ஜீன் பேனல் (பல ஜீன்களில் மாற்றம் தேடும் சோதனை; % என்பது மாறிய நகல்களின் பங்கு): பிஎல்சிஜி1 ஜீனில் எஸ்345எஃப் 4%, டிஎன்எம்டி3ஏ 3%, டிபி53 இல்லை. அதோடு 1 முதல் 2% அளவில் சி→டி எழுத்து மாற்றங்கள் நிறைய, 'முக்கியத்துவம் தெரியாதவை' என்று போட்டிருக்கு.

மகன் இணையத்தில் தேடிப் பார்த்து, 'காமா பாசிட்டிவ்' என்றால் காமா-டெல்டா லிம்போமா, சீக்கிரம் உயிரைக் குடிக்கும் வகை என்று பயந்து போயிருக்கார். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) ஒட்டுநோய் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மகள் தன் பிள்ளைகளுக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா என்று கேட்கிறார். தோல் டாக்டரின் அப்பாய்ன்ட்மென்ட் இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான். அதுவரை இவர்களுக்குச் சரியாக என்ன சொல்வது? காமா வந்து பீட்டா வராதது முரணா? இன்னொரு பயாப்சி தேவைப்பட்டால் இங்கிருந்து எப்படி அனுப்புவது?

---

ஜீன்மேசை

முதலில் மகனுடைய பயத்தைத் தீர்த்துவிடுங்கள். டிஆர்ஜி குளோனல் என்பதற்கும் காமா-டெல்டா லிம்போமாவுக்கும் சம்பந்தம் இல்லை.

தைமஸில் டி செல் உருவாகும்போது டெல்டா, காமா ஜீன்கள் முதலில் வெட்டி ஒட்டப்படுகின்றன. பீட்டாவும் ஆல்ஃபாவும் பிறகு. ஆல்ஃபா-பீட்டா ஏற்பியோடு வெளியே வரும் சாதாரண டி செல்லிலும் காமா ஜீன் ஏற்கெனவே மாற்றி அடுக்கப்பட்டுத்தான் இருக்கும். அது புரதமாக வெளியே தெரியாது, டிஎன்ஏ-வில் தடம் மட்டும் நிற்கும். நாம் பிசிஆரில் (டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பிடிப்பது அந்தத் தடத்தை. வெட்டி ஒட்டப்படும் ஜீன் துண்டுகளுக்கு வி, டி, ஜே என்று பெயர். காமாவில் செயல்படும் வி துண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஜே துண்டுகள் ஐந்து. சில பிரைமர்களே (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ) போதும். அதனால்தான் எல்லா லேப்பும் டி செல் குளோனைத் தேடக் காமாவில் ஆரம்பிக்கிறது. பீட்டாவில் செயல்படும் வி மட்டும் 40க்கு மேல், டி 2, ஜே 13.

ஒவ்வொரு இணைப்பிலும் ஆர்ஏஜி1, ஆர்ஏஜி2 நொதிகள் வெட்டுகின்றன, டிடிடி நொதி இடையில் தாறுமாறாகச் சில எழுத்துகளைச் செருகுகிறது. இந்தச் சந்திப்புதான் சிடிஆர்3. ஒவ்வொரு டி செல்லுக்கும் இது மைகாட் (அடையாள அட்டை) எண் மாதிரி: ஒரு செல் பெருகினால் வாரிசுகள் எல்லாம் அதே எண்ணைச் சுமக்கும். வீக்கத்துக்கு வந்து கூடிய செல்கள் என்றால் எண்கள் கலந்திருக்கும், விளைபொருளை நீளவாரியாகப் பிரிக்கும் கேப்பிலரி ஓட்டத்தில் மணிவடிவ மேடு கிடைக்கும். ஒரே குடும்பம் நிறைந்திருந்தால் மேட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கூர் பீக் நிற்கும். இரண்டு பீக் நின்றாலும் இரண்டு குளோன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே செல்லின் இரண்டு குரோமோசோமிலும் காமா மாற்றி அடுக்கப்பட்டிருப்பது சகஜம்.

பீட்டா ஏன் வரவில்லை என்பதற்கு விடை உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. 2003இல் வந்த பயோமெட்-2 பிசிஆர் முறையில் விளைபொருளின் நீளம் (பேஸ் கணக்கில்) இப்படி:

டிஆர்ஜி ஏ: 145–255
டிஆர்ஜி பி: 80–220
டிஆர்பி ஏ, பி: 240–285
டிஆர்பி சி: 170–210, 285–325

கட்டுப்பாட்டு ஜீன் 300இல் மங்கி 400இல் காணாமல் போகிறது. டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம். குட்டையான டிஆர்ஜி தப்பியது, நீண்ட டிஆர்பி விழுந்தது. இது முரண் அல்ல, டிஆர்பி நடக்கவே இல்லை. 'விளைபொருள் இல்லை' என்பதை 'நெகட்டிவ்' என்று யாராவது கோப்பில் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

என் கவலை வேறு இடத்தில். 100 நானோகிராம் டிஎன்ஏ என்பது சுமார் 15,000 செல். திட்டு நிலையில் எடுத்த தோலில் டி செல் 5% என்று வைத்தால் 750 செல். டிஎன்ஏ பாதி உடைந்த நிலையில் பிசிஆருக்கு உண்மையில் உதவுவது அதிலும் குறைவு. இவ்வளவு கொஞ்சம் செல்லை வைத்துப் பெருக்கினால், எது முதலில் மாட்டியதோ அது பீக்காக நிற்கும். இதுதான் போலிக் குளோன். பிடிக்கும் வழி ஒன்றுதான்: அதே டிஎன்ஏ-வைத் தனித்தனி டியூப்பில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். உண்மையான குளோன் இரண்டிலும் ஒரே நீளத்தில் வரும். போலி இடம் மாறும். லேப்பைக் கூப்பிட்டு 'டூப்ளிகேட் ஓட்டினீர்களா, பீக் எத்தனை பேஸ்' என்று கேளுங்கள். அந்த எண் கோப்பில் இருக்கணும். அடுத்த சாம்பிளோடு ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

---

ஸ்லைடு_அக்கா

ஜீன்மேசை சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். காமா-டெல்டா வகையா என்று முடிவு செய்வது ஸ்லைடில். டிசிஆர் (டி செல் ஏற்பி) டெல்டா சாயம் பிடிக்கணும், பீட்டாஎஃப்1 (பீட்டா ஏற்பிக்கான சாயம்) பிடிக்கக் கூடாது. அதே பாரஃபின் பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) இரண்டு வெட்டு போதும், புதுப் பயாப்சி வேண்டாம். நோயின் போக்கும் பொருந்தவில்லை. தோலின் காமா-டெல்டா லிம்போமா புண்ணும் கட்டியுமாக மாதக்கணக்கில் முற்றும். ஆறு வருஷம் வெளிறிய திட்டாகவே இருந்து, சிடி8 மிகுந்து, மேல்தோலைவிட்டு இறங்காமல் இருப்பது நிறம் மங்கும் வகை மைகோசிஸ் ஃபங்காய்டிஸின் முகம். நம் மாதிரி கறுத்த தோலில் இந்த வகை அதிகம், போக்கும் சாதுவானது.

குளோன் விடையை எவ்வளவு மதிக்கணும் என்பதற்கு 2005இல் வெளியான ஆரம்ப நிலை மதிப்பெண் முறையைப் பாருங்கள். மருத்துவத் தோற்றத்துக்கு அதிகபட்சம் 2, திசுத் தோற்றத்துக்கு 2, மூலக்கூறுச் சோதனைக்கு 1, சாயச் சோதனைக்கு 1. நான்கு வந்தால் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். குளோன் எவ்வளவு அழகாக வந்தாலும் ஆறில் ஒரு மார்க்தான். உங்கள் நோயாளிக்கு மறையாத திட்டு, வெயில் படாத இடம், அளவும் வடிவமும் வேறு வேறு, ஆக முதல் 2 வந்துவிடும். மேல்தோலுக்குள் ஏறிய செல்கள் ஸ்பாஞ்சியோசிஸ் இல்லாமல் இருப்பதற்கு 1, செல்லின் உருவமும் கோணலாக இருந்தால் 2. சிடி7 'குறைவு' என்பதற்கு நான் மார்க் போட மாட்டேன். அந்த முறைப்படி சிடி7 10%க்குக் கீழே போகணும், அல்லது சிடி2, 3, 5 இவற்றில் ஒன்று 50%க்குக் கீழே போகணும். சாதாரண எக்ஸிமாவிலும் சிடி7 இறங்கும்.

கணக்கு 3 அல்லது 4இல் நிற்கிறது. இந்த நிலையில் அந்த டிஆர்ஜி பீக் உண்மையா போலியா என்பதுதான் தராசைச் சாய்க்கும். அதனால் டூப்ளிகேட் விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

குளோன் இருந்தும் புற்று இல்லாத நோய்களும் உண்டு: பிட்டிரியாசிஸ் லிக்கனாய்டிஸ், லிக்கன் பிளானஸ். வயதானவர்களின் ரத்தத்தில் சிடி8 குளோன் எந்த நோயும் இல்லாமலே இருக்கும். ரத்தத்தில் ஒரு பீக், தோலில் வேறு பீக் என்றால் அது எதையும் நிரூபிக்காது. இரண்டும் ஒரே பீக்காக இருந்தால்தான் பேச்சு.

---

பேனல்_வாசகர்

அந்தத் தனியார் பேனலைப் பற்றி.

ஏற்பி வரிசை யாருடைய வாரிசு என்று மட்டும் சொல்லும், அந்தச் செல் ஏன் அடங்காமல் பெருகுகிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது மரபணு மாற்றங்கள். இங்கே இரண்டும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. டி செல் ஏற்பியில் ஆன்டிஜென் பட்டதும் செய்தி பிஎல்சிஜி1 வழியாக இறங்கி, பிகேசி-தீட்டாவைத் தொட்டு, கார்ட்11 கூட்டணியைத் திரட்டி, என்எஃப்-கப்பா-பியைத் தட்டி எழுப்புகிறது. தோல் டி செல் லிம்போமாவில் திரும்பத் திரும்ப மாறும் ஜீன்கள் பல இந்தப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கின்றன: பிஎல்சிஜி1, கார்ட்11, சிடி28, டிஎன்எஃப்ஆர்எஸ்எஃப்1பி. வெளியே ஆன்டிஜென் இல்லாமலே ஏற்பி தூண்டப்பட்டது போல செல் நடந்துகொள்கிறது. இதைத் தவிர ஜாக்-ஸ்டாட் பாதை, குரோமாட்டினைக் கவனிக்கும் ஏஆர்ஐடி1ஏ, காவலர்களான டிபி53, சிடிகேஎன்2ஏ, ஸெப்1.

எஸ்345எஃப் அறியப்பட்ட இடம்தான், ஆனால் உடனே நம்பிவிடாதீர்கள். செரின் ஃபினைல்அலனினாக மாறுவது டிஎன்ஏ அளவில் ஒரு சி→டி மாற்றம். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் செய்யும் சேதமும் அதே சி→டி. சைட்டோசின் அமினோவை இழந்து யுராசில் ஆகிறது, நொதி அதை டி என்று படிக்கிறது. 1–2% அளவில் நிறைய வந்திருப்பவை பெரும்பாலும் இந்தக் குப்பைதான். அதே குப்பை எதேச்சையாக 345ஆவது இடத்திலும் விழலாம். 4% என்பது குப்பை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. லேப்பிடம் மூன்று கேள்வி: டிஎன்ஏ-வை யுஎன்ஜி (யுராசிலை அகற்றும்) நொதியால் கழுவினார்களா? அந்த இடத்தில் ஆழம் (வாசிப்பு எண்ணிக்கை) எத்தனை, மாற்றம் இருபுற இழையிலும் தெரிகிறதா? மூலக்கூறுக் குறியீடு ஒட்டியிருந்ததா? 500 ஆழத்தில் 4% என்றால் 20 வாசிப்பு, அதில் ஒரே மூலத்தின் நகல்கள் எத்தனை என்று குறியீடு இல்லாமல் தெரியாது.

சூரிய ஒளியின் தடமும் சி→டிதான் என்பதால் குழப்பம் கூடுகிறது. அது பக்கத்தில் இன்னொரு சி அல்லது டி இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கும், சிசி→டிடி என்று ஜோடியாகவும் மாற்றும். அந்த ஜோடி மாற்றம் ஃபார்மலினால் வருவது அபூர்வம். அதைப் பார்த்தால் நம்பிக்கை கூடும்.

4% உண்மை என்றால் கணக்கு சரியாகவே உட்காருகிறது. இரண்டு நகலில் ஒன்றில் மாற்றம் இருந்தால், மாறிய செல்கள் சுமார் 8%. திட்டு நிலைக்கு இது இயல்பான அளவு.

டிஎன்எம்டி3ஏ 3% வேறு கதையாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்களின் ரத்தத்தில் டிஎன்எம்டி3ஏ, டெட்2 மாற்றங்கள் லிம்போமா இல்லாமலே காணப்படும். தோலுக்கு வந்த ரத்த வெள்ளணுக்கள் அதைச் சுமந்து வந்திருக்கலாம். ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்காமல் இதைக் கட்டியின் கணக்கில் எழுதக் கூடாது.

'டிபி53 இல்லை, அப்பாடா' என்று மூச்சு விடுவதற்கும் இந்த ரிப்போர்ட் போதாது. 2015இல் நேச்சர் ஜெனட்டிக்ஸில் வந்த ஆய்வு ஒன்றில் இந்த நோயை ஓட்டும் மாற்றங்களில் 92% எழுத்து மாற்றம் அல்ல, குரோமோசோம் துண்டுகளின் இழப்பும் பெருக்கமும்: சராசரியாக ஒருவருக்கு 11.8 துண்டு மாற்றம், 1 எழுத்து மாற்றம். அது பெரும்பாலும் ரத்தத்தில் பரவிய நிலையில் இருந்தவர்களை வைத்துச் செய்தது என்பதால் திட்டு நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பாடம் தெளிவு. 8% செல்லில் ஒரு நகல் காணாமல் போனால் மொத்த அளவு 2இலிருந்து 1.92க்கு இறங்கும். எந்தச் சாதாரண பேனலும் அதைக் காணாது.

மகளின் கேள்விக்கு என் பதில் நேரானது. இவை பிறவியில் வந்த மாற்றங்கள் அல்ல, ஒரு டி செல்லில் பிற்காலத்தில் சேர்ந்தவை. கருமுட்டையிலோ பிள்ளைகளிலோ இருக்காது. பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் தேவையில்லை, தயவுசெய்து பணத்தைச் செலவழிக்க விடாதீர்கள்.

---

சிப்புட்_எம்ஏ

எல்லாருக்கும் நன்றி. லேப்பைக் கூப்பிட்டேன். டிஆர்ஜி டூப்ளிகேட் ஓட்டியிருக்காங்க, இரண்டிலும் ஒரே பீக், 3 பேஸ் கூட நகரவில்லை என்றார்கள். பயாப்சி வெள்ளிக்கிழமை மதியம் எடுத்தது, செவ்வாய்க்கிழமைதான் பதப்படுத்தினார்களாம். தோல் டாக்டர் போனில் பேசினார், இன்னும் இரண்டு இடத்தில் எடுக்கலாம், அதை இங்கேயே செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். ரத்தமும் வேணுமாம்.

---

ஜீன்மேசை

வெள்ளி மதியம் முதல் செவ்வாய் வரை என்றால் 90 மணி நேரத்துக்கு மேல். நம் வெயிலில், ஏர்கோன் நிறுத்திய அறையில். டிஆர்பி விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஒரு திருத்தம் கேளுங்கள்: '3 பேஸ் கூட நகரவில்லை' போதாது, 1 பேஸுக்குள் இருக்கணும். அச்சை அனுப்பச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

பயாப்சி திங்கள் அல்லது செவ்வாய் காலையில். எடுப்பதற்கு முன் இரண்டு முதல் நான்கு வாரம் அந்தத் திட்டுகளில் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். களிம்பு லிம்போசைட்டை விரட்டிவிடும், ஸ்லைடும் பிசிஆரும் சேர்ந்து ஏமாற்றும். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு திட்டு, ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. பஞ்ச். முடிந்தால் அதிகச் செதிலும் சுருக்கமும் உள்ள இடம். மரப்பு ஊசியைத் திட்டின் அடியில் போடுங்கள், உள்ளேயே போட்டுத் திசுவை ஊதவைக்காதீர்கள். ஃபோர்செப்ஸால் நசுக்காமல் ஊசி முனையால் தூக்குங்கள்.

எடுத்ததை நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள், மேல்தோல் இரண்டு பாதியிலும் இருக்கணும். ஒரு பாதி 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினில், திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம். பஃபர் இல்லாத பழைய ஃபார்மலின் பாட்டில் அலமாரியில் இருந்தால் அதைத் தொட வேண்டாம், அமிலம் டிஎன்ஏ-வை அறுத்துவிடும். 24 மணி நேரத்துக்குள் பதப்படுத்தத் தொடங்கணும், 48ஐத் தாண்ட விடாதீர்கள். மற்றப் பாதி ஆர்என்ஏலேட்டர் என்ற பாதுகாப்புத் திரவத்தில். 25 டிகிரியில் ஒரு வாரமும் ஃபிரிட்ஜ் குளிரில் ஒரு மாதமும் தாங்கும், 37 டிகிரியில் ஒரு நாள்தான். லாரியில் போகும்போது ஐஸ் பெட்டி கட்டாயம். அந்தப் பாதியில்தான் டிஆர்பியும் பேனலும் திரும்ப ஓட்டணும். ஃபார்மலின் படாத டிஎன்ஏ-வில் எஸ்345எஃப் மறுபடி வந்தால் அது உண்மை.

இரண்டு இடத்திலும் ஒரே நீளத்தில் டிஆர்ஜி பீக் வந்தால், ஒரு இடத்தில் வந்ததைவிட அதன் எடை பல மடங்கு கூடும்.

---

பேனல்_வாசகர்

ஒரே பீக் வராவிட்டால் 'அப்போ நோய் இல்லை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. 2019இலும் 2020இலும் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு முழு எக்ஸோம் (ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகள்) வாசித்து, மைகோசிஸ் ஃபங்காய்டிஸின் ஒரே புண்ணிலேயே பல ஏற்பி வரிசைகள் இருப்பதைக் காட்டியது. மரபணு மாற்றங்களும் ஒரே கோடாக இல்லாமல் கிளை பிரிந்து சேர்கின்றன. ஏற்பி ஜீன் அடுக்கி முடிவதற்கு முன்பே, முன்னோடிச் செல்லிலேயே கோளாறு தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இது எல்லாரும் ஏற்ற முடிவு அல்ல, ஒற்றை முதிர்ந்த செல்லிலிருந்து தொடங்குகிறது என்ற பழைய கருத்தை விடாதவர்கள் நிறைய. வாதம் எப்படிப் போனாலும், குளோன் கிடைக்காத திட்டு நிலை நோயை நாம் அன்றாடம் பார்க்கிறோம் என்பது நிஜம்.

டிஆர்பியை உயர்வேக வரிசைமுறையில் ஓட்டும் வசதி கிடைத்தால் நல்லது. பீக்கின் நீளத்துக்குப் பதில் எழுத்தையே படிப்பதால் இரண்டு இடத்தை ஒப்பிடுவதில் ஐயம் இருக்காது. குளோன் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்றும் தெரியும். ஆரம்ப நிலையில் தோலில் புற்றுக் குளோனின் பங்கு 25%ஐத் தாண்டியவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது.

---

தோல்_பிரிவு

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது. ஒட்டாது. ஒரே பாத்ரூம், ஒரே துணி, பேரப்பிள்ளையைத் தூக்குவது எல்லாம் சரி. லயத்தில் இதைச் சத்தமாகவே சொல்லுங்கள், அந்த அம்மாவை யாரும் ஒதுக்கக் கூடாது. பால்மரமோ மருந்தடிப்போ இதற்குக் காரணம் என்று நிரூபணம் இல்லை, அவர் செய்த எதனாலும் வந்ததல்ல.

அவருடைய உள்ளங்கையை விரல்களோடு வைத்து அளந்து எழுதிவையுங்கள், ஒரு கை 1%. மொத்தம் 10%க்குள், கட்டி இல்லை, நிணமுடிச்சு வீங்கவில்லை என்றால் ஒன்று-ஏ நிலை. அந்த நிலையில் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஒட்டியே இருக்கும். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, அல்லது வாரம் இரண்டு மூன்று தடவை குறுகிய அலை யுவிபி (புற ஊதா ஒளி). நிறம் மங்கும் வகை ஒளிக்கு நன்றாகக் கேட்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து வாரம் மூன்று முறை ஈப்போ போய்வருவது அவருக்கு எத்தனை நாள் சம்பளம் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள், பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் இதனால்தான் விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. விடை உறுதியாகும்வரை யாராவது 'பிடிவாதமான எக்ஸிமா' என்று சைக்ளோஸ்போரினோ டூபிலுமாப் ஊசியோ ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மறைந்திருந்த மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் வேகமெடுத்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

ரத்தம் இடிடிஏ டியூப்பில், ஊதா மூடி. ஹெப்பரின் பச்சை மூடி வேண்டாம், பிசிஆரை அடைத்துவிடும். இரண்டு டியூப்: ஒன்று டிஆர்ஜி, டிஎன்எம்டி3ஏ ஒப்பீட்டுக்கு, மற்றது ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை வகை பிரித்து எண்ணும் சோதனை). ஃப்ளோவுக்குப் போவதை ஐஸில் வைக்காதீர்கள், உறைய விடாதீர்கள், அறை வெப்பத்தில் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கூடவே எச்டிஎல்வி-1 (டி செல்லைத் தொற்றும் வைரஸ்) ஆன்டிபாடியும் கேட்டு ஃபாரத்தில் எழுதுங்கள். ஃபாரத்தில் பழைய டிஆர்ஜி பீக்கின் பேஸ் எண்ணைக் குறிப்பிட்டால், லேப்பில் ஓட்டுபவர் அதே இடத்தைத் தேடிப் பார்ப்பார்.

---

சிப்புட்_எம்ஏ

எழுதிக்கொண்டேன், டாக்டர். உள்ளங்கைக் கணக்கில் 7% வருது. களிம்பை இன்றிலிருந்து நிறுத்தியாச்சு. நாலு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்து அன்றைக்கே ஈப்போவுக்கு அனுப்புகிறோம். பழைய பிளாக்கில் டிசிஆர் டெல்டா, பீட்டாஎஃப்1 சாயத்துக்கும் கடிதம் போட்டாச்சு.